இன்டர்னா, அப்ரண்டிஸா, ட்ரெய்னியா? மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்க்கும் முன்

ஏப்ரல் பிற்பாதியில் சென்னை அம்பத்தூர் எஸ்டேட் (தொழிற்பேட்டை) பக்கம் போனால், கம்பெனி கேட்டுகளில் கையில் ஃபைலோடு நிற்கும் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாணவர்களைப் பார்க்கலாம். "அண்ணா, இங்க இன்பிளான்ட் ட்ரெய்னிங் எடுப்பாங்களா?" என்று செக்யூரிட்டியிடம் கேட்பார்கள். "ஹெச்.ஆர். மீட்டிங்ல இருக்காரு தம்பி, அப்புறம் வாங்க" என்று பதில் வந்ததும் அடுத்த கேட்டுக்கு நகர்வார்கள். ஐ.டி. நிறுவனங்கள் இருக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் இதே அலைச்சல் மெயிலில் நடக்கிறது.

இதில் சம்பந்தப்பட்ட நாலு பேரும் நாலு கணக்கில் இருக்கிறார்கள். மாணவருக்கு வேண்டியது சர்டிபிகேட். அவருடைய அப்பா, "நல்லா வேலை பார்த்தா அங்கயே எடுத்துப்பாங்க" என்று நம்புகிறார். கல்லூரிக்குக் கிரெடிட் கணக்கு முடிய வேண்டும். முதலாளிக்கோ, "சும்மாதானே வர்றாங்க, ரெண்டு பசங்களைப் போட்டுக்கலாம்" என்ற எண்ணம். இன்டர்ன், அப்ரண்டிஸ், ட்ரெய்னி என்று அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவைக்கிறார்கள். பிறகு யாருக்காவது கையில் அடிபடும்போதோ, பி.எஃப். அலுவலகத்திலிருந்து கடிதம் வரும்போதோதான் "அந்தப் பையன் யாரு, எந்தக் கணக்குல இருந்தான்?" என்ற கேள்வியே எழும்.

எஸ்டேட்டில் ஒரு சிறு தொழிற்கூடத்தின் அலுவலக நிர்வாகத்தோடு, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. இந்தக் கட்டுரை, முதல்முறையாக மாணவர்களைச் சேர்க்க நினைக்கும் சிறு, நடுத்தர நிறுவனத்தாருக்காக. மாணவர்களும் பெற்றோரும் படிக்கலாம். நான் சொல்ல வருவது இதுதான்: ஐ.டி. கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து யாரும் இன்டர்ன் ஆவதோ அப்ரண்டிஸ் ஆவதோ கிடையாது. யார் யார் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை நாளுக்கு, என்ன வேலை கொடுக்கப்படுகிறது, இந்த மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் ஒரு எல் போர்டு கார்

டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொள்வோம். கற்றுக்கொள்கிறவர் ஓட்டுவது நிஜமான காரை, நிஜமான ரோட்டில். பாடி மேம்பாலத்தில் அவருக்காக டிராஃபிக் ஒன்றும் ஒதுங்கி நிற்காது. ஆனாலும் மற்ற கார்களுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஓட்டுகிறவர் கையில் எல்.எல்.ஆர். உண்டு. பக்கத்து சீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர், தன் காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காரில் யாரும் சவாரி ஏற்றிக் காசு பார்ப்பதில்லை.

மாணவரைப் பணியிடத்தில் சேர்ப்பதும் இதே மாதிரிதான். எல்.எல்.ஆர். இடத்தில் ஒரு எழுத்து ஏற்பாடு: கல்லூரியின் கடிதம், அல்லது அரசு போர்ட்டலில் பதிவான ஒப்பந்தம். பக்கத்து சீட்டில் 'கைடு', அதாவது அந்த மாணவருக்கென்று பெயர் சொல்லி நியமித்த உங்கள் ஊழியர். சவாரி ஏற்றாதது என்றால், சம்பள ஆளுக்குப் பதிலாக மாணவரை நிறுத்தி ஆர்டரை முடிக்காமல் இருப்பது.

பக்கத்து சீட்டுக்காரர் அந்த ஒரு மணி நேரம் வேறு வேலை பார்க்க முடியாது என்பதையும் கவனியுங்கள். மாணவரை எடுப்பதில் உண்மையான செலவு இதுதான். ஸ்டைபண்டோ (பயிற்சிக் காலத்தில் கொடுக்கும் மாதத் தொகை), மதியச் சாப்பாடோ, ஒரு ஜோடி சேஃப்டி ஷூவோ பெரிய தொகை இல்லை. நன்றாக வேலை தெரிந்த ஒருவரின் நேரம்தான் விலை. அதைக் கொடுக்க முடியாத நிறுவனம் மாணவரை எடுக்காமல் இருப்பது நல்லது. இதை நான் சொன்னால் பக்கத்து யூனிட்காரர்களுக்குப் பிடிப்பதில்லை.

ஐ.வி., இன்டர்ன்ஷிப், அப்ரண்டிஸ்ஷிப்

இந்த மூன்றும் ஒரே ஏணியின் மூன்று படிகள் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றும் தனித்தனி ஏற்பாடுகள்.

ஐ.வி. என்பது இண்டஸ்ட்ரியல் விசிட். ஒரு பஸ் நிறைய மாணவர்கள், கூடவே இரண்டு ஆசிரியர்கள், அரை நாள் சுற்றிப் பார்ப்பது. மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே நடக்க வைத்து, டீ கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இன்டர்ன்ஷிப் என்பது, படித்துக்கொண்டிருக்கும் மாணவர் தன் படிப்பின் ஒரு பகுதியாக உங்களிடம் சில வாரங்களோ மாதங்களோ வந்து வேலையைக் கற்பது. பாலிடெக்னிக் பக்கம் இன்பிளான்ட் ட்ரெய்னிங், ஐ.பி.டி. என்பதும் இதன் உறவுதான். இங்கே மாணவர் கல்லூரியின் பிள்ளை. உங்களிடம் இரவல் வந்திருக்கிறார். மதிப்பெண் கொடுப்பது கல்லூரி. வருகைப் பதிவு, டைரி, ரிப்போர்ட் எல்லாம் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். இன்டர்ன்ஷிப்புக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. போன்ற, உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அவை கல்லூரிகளை நோக்கி எழுதப்பட்டவை.

கிரெடிட் என்ற சொல் அடிக்கடி காதில் விழும். ஒரு பாடத்துக்கு மாணவர் செலவிடும் நேரத்தை எடைபோடும் அலகு அது. யு.ஜி.சி.யின் இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதலில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். அப்படியானால் 4 கிரெடிட் கேட்டு வரும் பி.காம். மாணவிக்கு 120 மணி நேரம் வேண்டும். எட்டு மணி நேர வேலைநாளில் 15 நாள். "ஒரு வாரம் வந்துட்டுப் போம்மா, ஒரு மாசத்துக்கு லெட்டர் குடுத்துடறேன்" என்று சொல்லும் தாராள மனசுக்காரர்கள் இந்த எளிய கணக்கில்தான் மாட்டுவார்கள்.

அப்ரண்டிஸ்ஷிப் வேறு உலகம். இது மத்திய அரசின் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், பயிற்சி பெறுபவரும் நிறுவனமும் நேரடியாகப் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். அரசு ஆவணங்களில் 'தொழில் பழகுநர்' என்று இருக்கும். ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் பெரும்பாலும் இதில் வருவார்கள். ஸ்டைபண்ட் கட்டாயம். ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாக வேண்டும். கால அளவு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும்.

இடையில் சொல்லிவிடுகிறேன்: அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்களும், மயிலாப்பூர் ஆடிட்டர் அலுவலகங்களில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் சி.ஏ. மாணவர்களும், ஹைகோர்ட் வளாகத்தில் சீனியர் பின்னால் ஓடும் சட்டக் கல்லூரி மாணவர்களும் அந்தந்தத் தொழிலின் சொந்த விதிகளில் நடப்பவர்கள். இந்தக் கட்டுரையில் அவர்களைத் தொடப் போவதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஐ.வி.யில் பார்ப்பார்கள், இன்டர்ன்ஷிப்பில் கல்லூரியின் பொறுப்பில் இருந்தபடி கற்பார்கள், அப்ரண்டிஸ்ஷிப்பில் சட்டப்படியான ஒப்பந்தத்தில் உங்களிடமே பயிற்சி பெறுவார்கள்.

அப்ரண்டிஸ் சட்டம் என்ன கேட்கிறது?

இது விருப்பம் இருந்தால் செய்யும் தர்மகாரியம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் உங்கள் விருப்பம். எத்தனை பேர் என்பதற்கும் அளவு உண்டு: மொத்த ஆள் எண்ணிக்கையில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை. நாற்பது பேர் உள்ள ஒரு ஷாப்பில் குறைந்தது ஒருவர், அதிகபட்சம் ஆறு பேர். மேல்வரம்பு எதற்கு என்றால், ஆளெடுப்பை நிறுத்திவிட்டு ஷாப் முழுவதையும் அப்ரண்டிஸை வைத்தே ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக.

ஸ்டைபண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை படிப்பைப் பொறுத்தது. 2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்தில் பத்தாம் வகுப்புக்கு மாதம் 6,000, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கூடும். தொகை அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், ஒப்பந்தம் போடும் நாளில் போர்ட்டல் என்ன சொல்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் அரசும் பங்கு போடுகிறது. ஐ.டி.ஐ. போன்ற பிரிவினருக்கு 2016இல் தொடங்கிய நாப்ஸ் (தேசியத் தொழில்பழகுநர் ஊக்குவிப்பு) திட்டத்தில், ஸ்டைபண்டில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை. பட்டதாரி, டிப்ளமோ பிரிவுக்கு நாட்ஸ் (தேசியத் தொழில்பழகுநர் பயிற்சி) திட்டத்தில், குறைந்தபட்ச ஸ்டைபண்டில் பாதி. நாட்ஸ் விஷயங்களைத் தென்மாநிலங்களுக்குப் பார்க்கும் அலுவலகம் நம் தரமணியிலேயே, சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது: தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம், தென்மண்டலம். இது தெரியாமல் ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்துப் பதிவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

2024இல் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நாட்டின் 500 பெரிய நிறுவனங்களை மனதில் வைத்துப் போட்டது. தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய், அதில் 4,500 அரசு தந்தது. சிறு யூனிட்டுகளுக்கு அதில் நேரடி வேலை இல்லை.

சட்டத்தின் மையம் ஒரே வரியில் இருக்கிறது: அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அதனால்தான் அவருக்குப் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. ஆனால் "தொழிலாளி இல்லைன்னா நமக்குப் பொறுப்பு இல்லை" என்று தாவிவிடக் கூடாது. பாதுகாப்பு, சுகாதாரம், நலன் தொடர்பான விதிகள் தொழிலாளிக்குப் பொருந்துவது போலவே அவருக்கும் பொருந்தும் என்று அதே சட்டம் சொல்கிறது. பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியது நிறுவனம். அனுமதி இல்லாமல் ஓவர்டைம் போடக் கூடாது. ஒப்பந்தத்தை நிறுவனத் தரப்பு நடுவில் முறித்தால் நஷ்டஈடு உண்டு. பயிற்சி பெறுபவர் தரப்பில் தவறினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்தது, அப்பாக்கள் அதிகம் கேட்கும் கேள்வி. "அப்ரண்டிஸ் முடிச்சா வேலை நிச்சயமா சார்?" இல்லை. முடித்தவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2014 திருத்தத்துக்குப் பிறகு, முடித்தவர்களை எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கொள்கை வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் அறிவிப்பு வரும்போதெல்லாம் வடசென்னையே பரபரப்பாகும். அங்கேயும் நேரடி வேலை கிடையாது. ரயில்வேயின் கடைநிலைப் பணிகளுக்கான நேரடித் தேர்வில் 20 சதவீத இடங்கள் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அதற்கும் பரீட்சை எழுத வேண்டும். சேர்க்கும் முதல் நாளே, பெற்றோர் எதிரிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

"ட்ரெய்னி" என்று பெயர் வைத்தால் போதுமா?

போதாது. எஸ்டேட்டில் அதிகம் நடக்கும் தவறு இது. படிப்பை முடித்த ஒரு பையனை எந்த ஒப்பந்தப் பதிவும் இல்லாமல் 'ட்ரெய்னி' என்று சேர்த்து, மறுநாளே மெஷினில் நிறுத்தி, ஷிப்டு போட்டு, டார்கெட் கொடுத்து, மாதாமாதம் ஒரு தொகையை ஸ்டைபண்ட் என்ற தலைப்பில் போடுவார்கள். கேட்டால், "ட்ரெய்னிக்கு எதுக்குங்க பி.எஃப்.?"

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. விதிகள் விலக்கு தருவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி சேர்த்த அப்ரண்டிஸுக்குத்தான். ஆகவே பதிவில்லாத ட்ரெய்னி செய்வது தொழிலாளியின் வேலை என்றால், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும் நாளில் அவர் தொழிலாளிதான். குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் பின்தேதியிட்டுக் கணக்காகும். எல் போர்டை மாட்டிவிட்டு சவாரி ஏற்றிய கதைதான் இது.

பயிற்சியா வேலையா என்று சந்தேகம் வந்தால் எனக்கு ஒரு கேள்வி கைகொடுக்கிறது. நாளைக்கு அந்தப் பையன் வரவில்லை என்றால் உங்கள் டெஸ்பாட்ச் நிற்குமா? நிற்கும் என்றால் அவர் செய்வது வேலை.

எத்தனை நாள் என்பதைப் பொறுத்தே என்ன வேலை

15 நாள் இன்டர்னிடமிருந்து உங்களுக்கு எந்த லாபமும் வராது. முதல் மூன்று நாள் இடத்தைப் பழகவே போய்விடும். கடைசி இரண்டு நாள் ரிப்போர்ட் எழுத. நடுவில் இருப்பதில், யாராவது கூட நின்று சொல்லித்தர வேண்டும். எனவே அவருக்குத் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரே ஒரு சின்ன வேலை கொடுங்கள். ஸ்டோர்ஸில் உள்ள டூல்களைப் பட்டியலிட்டு லேபிள் ஒட்டுவது, ஒரே பாகத்தின் அளவுகளை ஒரு வாரம் எடுத்து கிராஃப் போடுவது மாதிரி. முடித்தபின் "இதை நான் செய்தேன்" என்று அவர் காட்டும்படி ஏதாவது இருக்க வேண்டும்.

ஆறு மாதம் வருபவர் வேறு ரகம். மூன்றரை ஆண்டு சாண்ட்விச் டிப்ளமோவில் படிப்போடு சேர்ந்தே ஆறு மாதப் பயிற்சி இரண்டு தடவை வரும். இவர்களை ஒரே மெஷினில் ஆறு மாதமும் நிறுத்துவது பாவம். மெஷின் ஷாப், க்வாலிட்டி, ஸ்டோர்ஸ், பிளானிங் என்று சுற்றவிட்டு, கடைசி இரண்டு மாதம் ஒரு பிரச்சினையைக் கையில் கொடுக்கலாம். ஓராண்டு அப்ரண்டிஸ் என்றால், முதல் சில மாதங்கள் நீங்கள் போட்ட நேரம் பின்பாதியில் திரும்பி வரும். அப்ரண்டிஸுக்கு ஸ்டைபண்ட் கட்டாயமாக இருப்பதன் நியாயமும் இதில்தான் இருக்கிறது. குறுகிய கால இன்டர்னுக்குப் பணம் கொடுக்கச் சட்டக் கட்டாயம் இல்லாவிட்டாலும், பஸ் செலவாவது கொடுங்கள். தாம்பரம் பக்கத்திலிருந்து அம்பத்தூருக்கு தினமும் வந்து போகிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

கற்கிறார்களா இல்லையா என்பதை டைரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "இன்று லேத் ஆபரேஷன் பற்றித் தெரிந்துகொண்டேன். மிகவும் பயனுள்ளதாக இருந்தது." நாலு நாளுக்கும் இதே வரி, தேதி மட்டும் வேறு. இன்னொரு பக்கம்: "25 மி.மீ. எம்.எஸ். ராடில் ஃபேசிங். வெர்னியரில் அளந்தபோது நீளம் 0.2 மி.மீ. கூட இருந்தது. டூல் முனை சென்டர் உயரத்துக்குக் கீழே இருந்ததால் நடுவில் சின்ன குமிழ் மிஞ்சியது என்று ஃபோர்மேன் சொன்னார். பேக்கிங் வைத்துச் சரிசெய்தோம்." இரண்டாவது பக்கத்தை எழுத வைப்பது மாணவரின் புத்திசாலித்தனத்தைவிட, சாயங்காலம் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன பார்த்தே, ஏன் அப்படி ஆச்சு?" என்று கேட்கும் ஃபோர்மேனின் பொறுமைதான். அந்தப் பத்து நிமிடத்தை ஃபோர்மேனின் வேலை நேரத்திலேயே ஒதுக்குங்கள். ஷிப்டு முடிந்தபின் என்றால் அவர் நிற்க மாட்டார், நிற்கவும் வேண்டாம்.

முதல் நாள் முதல் மணி நேரம்

கல்லூரியில் ஐ.டி. கார்டை கழுத்தில் மாட்டாமல் நடந்தால் ஃபைன். அதே பழக்கத்தோடு இங்கே வந்து, லேத்தில் பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் மேல் குனிந்து பார்ப்பார்கள். தொங்கும் அந்த நாடா சிக்கினால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். கேட்டுக்குள் நுழைந்ததும் கார்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போடச் சொல்வதுதான் எங்கள் இடத்தில் முதல் பாடம். வளையல், மோதிரம், கையில் கட்டிய கயிறு, துப்பட்டா, முழுக்கைச் சட்டை, அவிழ்ந்த கூந்தல் எல்லாம் அடுத்து. கோயில் கயிற்றைக் கழற்றச் சொல்வதில் சங்கடம் இருக்கும். அப்படியானால் மெஷின் பக்கம் போகாமல் மெஷர்மென்ட் டேபிளில் உட்காரட்டும். சக்கை இறுக்கும் சாவியான சக் கீயை சக்கிலேயே விட்டுவிட்டு கை எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் செய்து காட்டுங்கள். கிளவுஸ் போட்டுக்கொண்டு லேத்தில் வேலை செய்யக் கூடாது என்பது புதியவர்களுக்கு எப்போதும் ஆச்சரியம். பாதுகாப்புக்குத்தானே கிளவுஸ் என்பார்கள். சுழலும் பாகம் கிளவுஸைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும்.

இன்டர்னுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பதற்கு அப்ரண்டிஸ் சட்டம் போல நேர்ப்பதில் இல்லை. எனவே சேர்க்கும் முன்பே, கல்லூரியில் மாணவர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா, அது வெளியிடப் பயிற்சியையும் சேர்க்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த மாதத்துக்கு ஒரு விபத்து பாலிசி எடுப்பது பெரிய செலவல்ல.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, ட்ரெய்னி, அப்ரண்டிஸ் எல்லோரையும் ஊழியர் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. பணியிடத்துக்கு வரும் பெண், அங்கே வேலையில் இருப்பவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், புகார் கொடுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்விசாரணைக் குழு கட்டாயம். அதற்குக் கீழ் என்றால் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு ஓய்ந்துவிடாமல், குழுவில் இருப்பவரை மாணவிகளுக்கு நேரில் அறிமுகப்படுத்துங்கள். "ஏதாவதுன்னா இந்த அக்காகிட்ட சொல்லும்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி தயக்கம் போய்விடும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளை அபாயகரமான வேலையில் வைப்பது சட்டப்படியே கூடாது. தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகள் வந்தால் இதில் ஒரு பொட்டும் தளர்வு வேண்டாம்.

சுருக்கமாக: அப்ரண்டிஸ் என்றால் விபத்துப் பொறுப்பு உங்களுடையது, இன்டர்ன் என்றால் அதை முன்கூட்டியே எழுதித் தீர்த்துக்கொள்ள வேண்டியதும் நீங்கள்தான்.

லேப்டாப்பில் வேலை என்றால்

ஓ.எம்.ஆர். நிறுவனங்களில் விரல் நசுங்காது. ஆனால் வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் அழியும். இன்டர்னுக்குத் தனி லாகின், சோதனைக்கான நகல் டேட்டா, நேரடி சர்வருக்கு அனுமதி இல்லை என்று வைத்துக்கொண்டால் போதும்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. இன்டர்ன் எழுதிய கோடு, வரைந்த லோகோ, எடுத்த வீடியோ யாருடையது? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, வேலை ஒப்பந்தத்திலோ அப்ரண்டிஸ் ஒப்பந்தத்திலோ இருப்பவர் பணியின்போது உருவாக்கியது, வேறு உடன்பாடு இல்லாதவரை, நிறுவனத்துக்குச் சொந்தம். இன்டர்னோடு உங்களுக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. உங்கள் ஆஃபர் லெட்டரில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையென்றால், அந்த லோகோ அந்தப் பெண்ணுடையது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. உரிமை யாருக்கு என்பதை இரு தரப்பும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, கல்லூரி ரிப்போர்ட்டிலும் தன் போர்ட்ஃபோலியோவிலும் எதைக் காட்டலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேலை தேடப்போகும் பிள்ளைக்கு அதுதான் சொத்து.

சர்டிபிகேட்

அப்ரண்டிஸ்ஷிப்புக்குச் சான்றிதழ் கொடுப்பது அரசு முறைப்படி நடக்கும், ஐ.டி.ஐ. பிரிவு என்றால் அகில இந்தியத் தொழில்தேர்வும் உண்டு. இன்டர்ன்ஷிப்புக்கு நீங்கள் லெட்டர்ஹெட்டில் கொடுப்பதுதான். "நன்னடத்தையுடன் பயிற்சியை முடித்தார்" என்ற பொத்தாம்பொதுவான வரியால் யாருக்கும் பயன் இல்லை. தேதி, மொத்த மணி நேரம், எந்தெந்தப் பிரிவில் இருந்தார், என்ன செய்து முடித்தார், கைடு யார் என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் உட்காரும் ஒருவர் அதைப் படித்து ஒரு கேள்வி கேட்கும்படி இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒன்று. பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் என்று நகரம் முழுக்க விளம்பரம் இருக்கிறது. ப்ராஜெக்ட், பிபிடி, சர்டிபிகேட் எல்லாம் ஒரே பேக்கேஜ். அங்கே நடப்பது வகுப்பு. சில இடங்களில் அதுவும் கிடையாது. வகுப்பு வேண்டுமென்றால் வகுப்புக்கென்று பணம் கட்டுங்கள், தப்பில்லை. ஆனால் நிஜமான வாடிக்கையாளரும் டெலிவரி தேதியும் இல்லாத இடத்தில் வேலை அனுபவம் எங்கிருந்து வரும்?

எப்போது தொடங்குவது?

மே, ஜூனில் இன்டர்ன் வேண்டும் என்றால் பிப்ரவரியிலேயே பக்கத்துக் கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லுக்கோ துறைத் தலைவருக்கோ ஒரு மெயில் போடுங்கள்: எத்தனை பேர், எந்தத் துறை, எத்தனை நாள், கைடு யார், பஸ் செலவு உண்டா. நவம்பர், டிசம்பரைத் தவிர்த்துவிடுங்கள். பரீட்சையும் மழையும் சேர்ந்து பாதி நாளைத் தின்றுவிடும். அப்ரண்டிஸ் எடுப்பதானால் முதலில் போர்ட்டலில் நிறுவனத்தைப் பதிவு செய்து, கிண்டி, அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.களில் ரிசல்ட் வரும் நேரத்தை ஒட்டிக் காலியிடத்தை ஏற்றுங்கள். முதல் வருடம் ஒருவரோ இருவரோ போதும். ஒரு கைடுக்கு இரண்டு பேருக்கு மேல் கொடுத்தால் மூன்றாவது பிள்ளை டீ வாங்கத்தான் போகும்.